1870-ல் கிடைத்த ஓட்டு 1965 வரை எங்கே போயிருந்தது? அமெரிக்க வாக்குரிமை பற்றி ஒரு விவாதம்

நெடுவழி:

அமெரிக்க வாக்குரிமை வரலாற்றைத் தமிழில் படிக்கும்போதெல்லாம் மூன்று ஆண்டுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. 1870-ல் கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு, 1920-ல் பெண்களுக்கு ஓட்டு, 1965-ல் வாக்குரிமைச் சட்டம். படிப்படியாக ஏறி மேலே போனதுபோல ஒரு தோற்றம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

1870-ல் வந்த 15-ஆவது திருத்தம் தெளிவாகத்தான் இருக்கிறது. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்தது ஆகிய காரணங்களால் ஒரு குடிமகனின் வாக்குரிமையை மறுக்கக் கூடாது. அது காகிதத்தோடு நிற்கவும் இல்லை. அதே ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டில் உட்கார்ந்தார். தென் கரோலினா சட்டமன்றத்தின் கீழவையில் கறுப்பின உறுப்பினர்களே பெரும்பான்மையாக இருந்த காலம் அது. அடிமை முறை ஒழிந்து பத்து ஆண்டுகூட ஆகவில்லை.

அப்புறம் 1901-ல் வட கரோலினாவின் ஜார்ஜ் ஒயிட் என்ற கறுப்பினத்தவர் காங்கிரஸிலிருந்து, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்திலிருந்து, விடைபெறுகிறார். அவருக்குப் பிறகு தெற்கு மாநிலங்களிலிருந்து இன்னொரு கறுப்பினத்தவர் அங்கே போய்ச் சேர 1973 ஆகிறது.

இதற்கு நடுவில் 15-ஆவது திருத்தத்தை யாரும் நீக்கவில்லை. ஒரு எழுத்துகூட மாறவில்லை. அப்படியானால் ஓட்டு எங்கே போனது? யார், எந்த வழியாக எடுத்துக்கொண்டார்கள்? தெரிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டும்.

வழக்காடி:

சட்டத்தின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

"ஒவ்வொரு குடிமகனுக்கும் வாக்களிக்கும் உரிமை உண்டு" என்று நேரடியாகச் சொல்லும் வரி அமெரிக்க அரசியலமைப்பில் இன்று வரை கிடையாது. 1787-ல் அதை எழுதியவர்கள் யார் ஓட்டுப் போடலாம் என்ற கேள்வியை மாநிலங்களிடம் விட்டுவிட்டார்கள். மாநிலச் சட்டமன்றத்தின் கீழவைக்கு யாரெல்லாம் வாக்களிக்கத் தகுதியானவர்களோ, அவர்களே பிரதிநிதிகள் சபைக்கும் வாக்களிக்கலாம். அவ்வளவுதான் ஏற்பாடு.

பின்னால் வந்த திருத்தங்கள் எல்லாமே "இன்ன காரணத்தைக் காட்டி மறுக்காதே" என்ற வடிவில் இருக்கின்றன. இனத்தைக் காட்டி மறுக்காதே (1870). பாலினத்தைக் காட்டி மறுக்காதே (1920). வரி கட்டவில்லை என்று மறுக்காதே (1964, அதுவும் மத்தியத் தேர்தல்களுக்கு மட்டும்). 18 வயது நிரம்பியவரிடம் வயதைக் காட்டி மறுக்காதே (1971). இவற்றில் சொல்லப்படாத காரணத்தை வைத்து மறுத்தால்? அந்தக் கதவு திறந்தே இருந்தது. தெற்கு மாநிலங்கள் அதன் வழியாகத்தான் நுழைந்தன.

1875-ல் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த வர்ஜீனியா மைனர், "நான் இந்த நாட்டின் குடிமகள், ஆகவே எனக்கு ஓட்டு உண்டு" என்று, குடியுரிமையை உறுதிசெய்த 14-ஆவது திருத்தத்தின் பேரில் வாதாடினார். குடியுரிமை இருப்பதால் மட்டும் வாக்குரிமை வந்துவிடாது என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மனைவியைப் பதிவு செய்ய மறுத்த அலுவலர் மீது வழக்குப் போட்டது அவருடைய கணவர்தான். மிசௌரி சட்டப்படி மணமான பெண் தன் பெயரில் தனியாக வழக்குத் தொடர முடியாது.

படிப்படியாக ஏறியது என்ற பேச்சு உள்நாட்டுப் போருக்கு முன்பே பொய்யாகிவிட்டது. 1821-ல் நியூயார்க் மாநிலம் தன் அரசியலமைப்பைத் திருத்தியபோது வெள்ளையின ஆண்களுக்கு இருந்த சொத்துத் தகுதியை ஏறக்குறைய எடுத்துவிட்டது. அதே மாநாடு, அதே ஆவணம், கறுப்பின ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்று விதித்தது. பென்சில்வேனியா 1838-ல் வாக்காளர் தகுதியில் "வெள்ளையர்" என்ற சொல்லையே சேர்த்தது. அதற்கு முன் அங்கே வாக்களித்து வந்த சுதந்திரக் கறுப்பினத்தவர்களின் ஓட்டு அத்தோடு போயிற்று. ஏழை வெள்ளைக்காரருக்கு ஓட்டு வந்ததும் கறுப்பினத்தவருக்கு அது போனதும் ஒரே காலத்தில், பெரும்பாலும் ஒரே கையால் நடந்தவை. பள்ளிப் பாடங்களில் முதல் பாதி மட்டும்தான் "ஜனநாயக வளர்ச்சி" என்று வருகிறது.

தேன்மொழி:

நியூஜெர்சியில் பெண்கள் 1920-க்கு ரொம்ப முன்பே ஓட்டுப் போட்டார்கள் என்று எங்கோ படித்த நினைவு. உண்மையா?

வழக்காடி:

உண்மைதான் தேன்மொழி. 1776-ல் எழுதிய நியூஜெர்சி அரசியலமைப்பு, 50 பவுண்டு சொத்துள்ள "எல்லாக் குடியிருப்பாளர்களும்" வாக்களிக்கலாம் என்றது. ஆண் என்றோ வெள்ளையர் என்றோ சொல்லவில்லை. அதனால் சொத்துள்ள கைம்பெண்களும் மணமாகாத பெண்களும் சில கறுப்பினத்தவர்களும் வாக்களித்தார்கள். மணமான பெண்ணின் சொத்து சட்டப்படி கணவருடையது என்பதால் அவர்களால் பெரும்பாலும் முடியவில்லை. 1807-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து வரி கட்டும் வெள்ளையின ஆண்களுக்கு மட்டும் என்று மாற்றிவிட்டார்கள். இருந்த உரிமை போனதற்கு இதுவே முதல் பெரிய உதாரணம் என்பேன்.

பழைய வாசகன்:

நெடுவழி கேட்ட நேர்க் கேள்விக்கு வருகிறேன். ஓட்டு எடுக்கப்பட்டது மூன்று கட்டமாக.

முதலில் துப்பாக்கி. 1873 ஈஸ்டர் ஞாயிறு அன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில், தேர்தல் தகராறு ஒன்றில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவர்களை ஒரு வெள்ளையர் படை தாக்கியது. பலரைச் சரணடைந்த பிறகு கொன்றார்கள். மத்திய அரசு வழக்குப் போட்டுச் சிலருக்குத் தண்டனையும் வாங்கிக் கொடுத்தது. 1876-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 14-ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆட்கள் செய்யும் கொடுமையை அல்ல என்பது அதன் வாதம். இந்தத் தீர்ப்புக்கு என்ன அர்த்தம் என்று தெற்கில் எல்லோருக்கும் புரிந்தது. 1877-ல் மத்தியப் படைகளும் அரசியலிலிருந்து ஒதுங்கிக்கொண்டன.

அடுத்தது சட்டம். இதில்தான் மூளை வேலை அதிகம். 1890-ல் மிசிசிப்பி புதிய அரசியலமைப்பு எழுதியது. அதன் வாக்குரிமைப் பகுதியில் இனம் என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி. அன்றைய குத்தகை விவசாயிக்கு 2 டாலர் ரொக்கம் சாதாரணத் தொகை இல்லை. வரி கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்து காட்டவும் வேண்டும். அதற்கு மேல், அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் "நியாயமான விளக்கம்" சொல்ல வேண்டும். விளக்கம் நியாயமா இல்லையா என்று முடிவு செய்வது யார்? கவுண்டியின், அதாவது மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகப் பகுதியின், பதிவு அலுவலர். எந்தப் பகுதியைக் கேட்பது என்பதும் அவர் விருப்பம். வெள்ளைக்காரர் வந்தால் ஒரு வரிப் பகுதி, கறுப்பினப் பேராசிரியர் வந்தால் வரிச்சட்டம் பற்றிய நீண்ட பகுதி.

லூசியானா 1898-ல் இன்னும் ஒரு படி போனது. 1867 தொடக்கத்தில் உங்கள் தந்தையோ தாத்தாவோ வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தால் உங்களுக்கு எழுத்தறிவுத் தேர்வு வேண்டாம், சொத்தும் வேண்டாம். 1867-ல் யாருடைய தாத்தாவுக்கு ஓட்டு இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. விளைவைப் பாருங்கள்: 1896-ல் லூசியானாவில் பதிவு செய்திருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-ல் 1,342 பேர். எட்டே ஆண்டுகள்.

மூன்றாவது, நீதிமன்றத்தின் கைவிரிப்பு. இதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வரும். அலபாமாவின் மான்ட்கோமரியைச் சேர்ந்த ஜாக்சன் கைல்ஸ், முப்பது ஆண்டுகள் வாக்களித்து வந்தவர். 1901-ல் வந்த புதிய மாநில அரசியலமைப்பின் கீழ் அவரைப் பதிவு செய்ய மறுத்தார்கள். தனக்காகவும் அந்தக் கவுண்டியில் தன்னைப்போன்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகவும் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1903-ல் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பு இரண்டு விஷயம் சொன்னது. மொத்தப் பதிவு முறையுமே மோசடி என்று நீங்களே சொல்கிறீர்கள், அந்த மோசடிப் பட்டியலில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லி நாங்கள் எப்படி உத்தரவிட முடியும்? இரண்டாவது, இது பெரிய அரசியல் அநீதி என்றால் பரிகாரத்தை மாநில மக்களிடமோ சட்டமன்றத்திடமோ காங்கிரஸிடமோ போய்க் கேளுங்கள். ஓட்டைப் பறிகொடுத்தவன் ஓட்டுப் போட்டுத்தான் அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று சொன்னால் அது தீர்ப்பா?

மதியழகன்:

> நீதிமன்றத்தின் கைவிரிப்பு

இது ஒரு பக்கம்தான் ஐயா. அதே உச்ச நீதிமன்றம்தான் 1915-ல் ஓக்லஹோமாவின் தாத்தா விதியை ரத்து செய்தது. 1944-ல் டெக்சாஸில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் உட்கட்சித் தேர்தலை ஒழித்தது. ஹூஸ்டனைச் சேர்ந்த பல் மருத்துவர் லானி ஸ்மித்துக்காக தர்குட் மார்ஷல் வாதாடிய வழக்கு. தெற்கில் அன்று ஜனநாயகக் கட்சி ஒன்றுதான் கட்சி, ஆகவே உட்கட்சித் தேர்தலே உண்மையான தேர்தல். அதைத் திறந்துவிட்டது சின்ன விஷயமா?

1960-ல் டஸ்கீகி வழக்கு. சதுரமாக இருந்த நகர எல்லையை 28 பக்கம் கொண்ட விசித்திர வடிவமாக அலபாமா சட்டமன்றம் வெட்டியது. நகருக்குள் இருந்த சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேர் தவிர எல்லோரும் வெளியே. வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 1964-ல் ஒவ்வொருவர் ஓட்டுக்கும் ஒரே எடை இருக்கும்படி தொகுதிகளைப் பிரிக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களையும் கட்டாயப்படுத்தியது. 1966-ல் வர்ஜீனியாவின் ஒன்றரை டாலர் தலைவரியை ரத்து செய்து, மாநிலத் தேர்தல்களிலும் வரி கூடாது என்றது. நீதிமன்றம் இல்லையென்றால் இவை எதுவும் நடந்திருக்காது.

பழைய வாசகன்:

மதியழகன் சொன்ன வழக்குகள் எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் என்ன நடந்தது என்று சேர்த்துப் பாருங்கள்.

1915-ல் ஓக்லஹோமா தோற்றது. 1916-ல் புதுச் சட்டம் போட்டது. 1914-ல் வாக்களித்தவர்கள் தானாகவே பட்டியலில் இருப்பார்கள். மற்றவர்கள் ஏப்ரல் 30 முதல் மே 11 வரை 12 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தவறினால் வாழ்நாள் முழுக்க ஓட்டு கிடையாது. பழைய விதி வேறு பெயரில். அதை ரத்து செய்ய 1939 ஆயிற்று.

டெக்சாஸ் கதையும் அப்படியே. எல் பாசோ மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் 1927-ல் ஜெயித்தார். மாநிலம் சட்டத்தை மாற்றி, அதிகாரத்தைக் கட்சியின் செயற்குழுவிடம் கொடுத்தது. நிக்சன் 1932-ல் மறுபடி ஜெயித்தார். உடனே கட்சி மாநாடே தடையைத் தீர்மானமாகப் போட்டது. 1935-ல் உச்ச நீதிமன்றம், கட்சி ஒரு தனியார் அமைப்பு, அது செய்வது அரசின் செயல் ஆகாது என்று விட்டுவிட்டது. பிறகுதான் 1944. வாக்காளர் பக்கம் மூன்று தடவை ஜெயிக்க வேண்டியிருக்கிறது, எதிராளி ஒரு தடவை சட்டம் எழுதினால் போதும்.

கார்த்திகா அட்லாண்டா:

பல ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன், ஜார்ஜியாவில்தான் ஓட்டுப் போடுகிறேன். செல்மாவுக்குக் குடும்பத்தோடு போய்வந்த பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். பழைய வாசகன் சொல்வதற்கு அலபாமாவின் டல்லஸ் கவுண்டிதான் சாட்சி. செல்மா அந்தக் கவுண்டியின் தலைநகர்.

அங்கே வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவர் ஏறக்குறைய 15,000 பேர். 1961-ல் பதிவு செய்திருந்தவர்கள் 156. மத்திய நீதித்துறை வழக்குப் போட்டு, மேல்முறையீடு செய்து, நான்கு ஆண்டு போராடியது. அதன் பலன்? 156 என்பது 383 ஆனது. இந்த எண்களை உச்ச நீதிமன்றமே பின்னாளில் தன் தீர்ப்பில் எழுதியிருக்கிறது.

பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு திங்கட்கிழமை மட்டும் திறந்திருக்கும். வரிசையில் நின்றாலும் மதிய உணவுக்கு மூடிவிடுவார்கள். நிற்பவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு வேலை கொடுப்பவரிடம் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் 1965 ஜனவரி 22-ல் நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்கள் ஒன்றாகச் சேர்ந்து நீதிமன்றப் படிக்கட்டுக்கு நடந்து போனதை அந்த ஊர் மக்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது வெள்ளையர்கள் நடத்திய பள்ளி வாரியம். வேலை போய்விடும் என்று தெரிந்தே போனார்கள். பிள்ளைகளுக்குக் குடியரசு பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கே ஓட்டு இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரி 18-ல் பக்கத்து ஊரான மரியனில் இரவுப் பேரணியைப் போலீஸார் அடித்துக் கலைத்தபோது, ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞரை மாநிலக் காவலர் ஒருவர் சுட்டார். எட்டு நாள் கழித்து அவர் இறந்தார். அந்தச் சாவுக்கு நீதி கேட்டு மான்ட்கோமரிக்கு 54 மைல் நடப்போம் என்று கிளம்பியதுதான் மார்ச் 7 ஊர்வலம். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் சுமார் 600 பேரைக் குதிரைப் படையும் கண்ணீர்ப்புகையும் எதிர்கொண்டன. ஊர்வலத்தை முன்நின்று நடத்திய ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது. அன்று இரவே தொலைக்காட்சியில் நாடு முழுக்கப் பார்த்தார்கள். எட்டாவது நாள் அதிபர் ஜான்சன் காங்கிரஸின் இரு அவைகளையும் கூட்டி வாக்குரிமைச் சட்டம் வேண்டும் என்று பேசினார்.

ஜாக்சனைச் சுட்ட காவலர் 2010-ல்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 45 ஆண்டுகள்.

மதியழகன்:

கார்த்திகா, மக்களின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1957, 1960, 1964 சட்டங்களும் போராட்டங்களுக்குப் பிறகு வந்தவைதானே? அவை ஏன் டல்லஸ் கவுண்டியை அசைக்கவில்லை, 1965 ஏன் அசைத்தது? மிசிசிப்பியில் 1965-ல் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் 6.7 சதவீதம்தான் பதிவு செய்திருந்தார்கள். 1967-ல் 59.8 சதவீதம். இரண்டே ஆண்டில். சட்டத்தின் வடிவில் ஏதோ ஒன்று வேறாக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

வழக்காடி:

சரியான கேள்வி. 1965 சட்டத்தின் சூட்சுமம் ஒரே இடத்தில் இருக்கிறது. யார் காத்திருக்க வேண்டும் என்பதை அது மாற்றியது.

முந்தைய சட்டங்களின் கீழ் ஒரு கவுண்டி பாகுபாடு காட்டினால் அரசு வழக்குப் போட வேண்டும், சாட்சி தேட வேண்டும், விரோதமான உள்ளூர் நீதிபதி முன் வாதாட வேண்டும். ஜெயித்தால் கவுண்டி புதுத் தந்திரம் செய்யும். மறுபடி முதலிலிருந்து. அந்த ஆண்டுகள் முழுக்கக் காத்திருந்தது வாக்காளர்.

1965 சட்டம் ஒரு சூத்திரம் வைத்தது. 1964 நவம்பரில் எழுத்தறிவுத் தேர்வு போன்ற தடைகளை வைத்திருந்த, பதிவோ வாக்களிப்போ 50 சதவீதத்துக்குக் கீழே இருந்த மாநிலங்களும் கவுண்டிகளும் அதன் கீழ் வரும். அங்கெல்லாம் தேர்வு உடனே ரத்து. வழக்கு வேண்டாம். உள்ளூர் அலுவலர் பதிவு செய்ய மறுத்தால் மத்திய அரசின் பதிவாளர்கள் நேரே வந்து பதிவு செய்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஐந்தாவது பிரிவு. தேர்தல் நடைமுறையில் எந்த மாற்றம் செய்வதானாலும், வாக்குச்சாவடியை மூன்று தெரு தள்ளி வைப்பதானாலும், முன்கூட்டியே மத்திய நீதித்துறையிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி வாங்க வேண்டும். பாகுபாடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மாநிலத்துடையது. ஓக்லஹோமாவின் 1916 தந்திரம் இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு நாள்கூட நின்றிருக்காது.

ஆகவே மதியழகனும் பழைய வாசகனும் சொல்வதை நான் எதிரெதிராகப் பார்க்கவில்லை. நீதிமன்றத்தால் ஒவ்வொரு வழக்காகச் செய்ய முடியாததைக் காங்கிரஸ் நிர்வாக இயந்திரமாக மாற்றியது. காங்கிரஸை அதற்குத் தள்ளியது அந்தப் பாலத்தில் அடிவாங்கியவர்கள்.

செந்தாமரை:

பெண்கள் பகுதியை யாரும் சரியாகத் தொடவில்லையே!

1920 ஆகஸ்ட் 18, டென்னசி. 36-ஆவது மாநிலமாக அது ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் நிறைவேறும். ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர் எதிரணியின் சிவப்பு ரோஜாவைக் குத்திக்கொண்டு வந்தவர். சட்டைப்பையில் அவருடைய அம்மா எழுதிய கடிதம், ஆதரித்து வாக்களிக்கச் சொல்லி. அவர் "ஆம்" என்றார், திருத்தம் நிறைவேறியது. எல்லோருக்கும் பிடித்த கதை, எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அதற்கு அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். அலபாமாவிலோ மிசிசிப்பியிலோ கறுப்பினப் பெண்ணுக்கு 1920-ல் கிடைத்தது, அவள் கணவனுக்கு ஏற்கெனவே இருந்த அதே மூடிய கதவு. ஃபேனி லூ ஹேமர் 1917-ல் பிறந்தவர், மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத் தொழிலாளி. தனக்கு ஓட்டுப் போடும் உரிமை இருக்கிறது என்பதே அவருக்கு 1962-ல்தான் தெரியவந்தது. அந்த ஆகஸ்டில் இண்டியனோலாவுக்குப் பேருந்தில் போய்ப் பதிவு செய்ய முயன்றார். தேர்வில் தோற்றதாகச் சொன்னார்கள். அன்று இரவே பதினெட்டு ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு வினோனா சிறையில் அடித்த அடி வாழ்நாள் முழுக்க உடம்பில் இருந்தது. 1964-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் சாட்சியம் சொன்னபோது, தொலைக்காட்சிக் கேமராக்களைத் திருப்புவதற்காக ஜான்சன் அவசரமாக ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு வைத்தார். சாட்சியத்தை மாலைச் செய்திகளில் முழுதாகப் போட்டார்கள். இதே ஜான்சன்தான் மறு ஆண்டு சட்டத்தில் கையெழுத்திட்டார். இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டு தவிர்த்த மற்ற உரிமைகளில் எனக்கு மிகவும் அதிர்ச்சி தந்தது 1907 சட்டம். வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள். ஆணுக்கு அப்படி இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஈத்தல் மெக்கன்சி என்பவர் ஸ்காட்லாந்துப் பாடகர் ஒருவரை மணந்திருந்தார். 1911-ல் கலிபோர்னியா பெண்களுக்கு ஓட்டு கொடுத்ததும் பதிவு செய்யப் போனார். நீங்கள் அமெரிக்கரே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறந்த மாநிலத்திலேயே வாழ்பவர்! 1915-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 1922-ல்தான் பாதி சரிசெய்தார்கள். பாதி என்பது ஏனென்றால், ஆசியர்களைப்போலக் குடியுரிமைக்கே "தகுதியற்ற" ஆணை மணந்தவள் அப்போதும் இழந்தாள். அது போக 1930-கள் வந்தன.

தேன்மொழி:

ஆசியர்களுக்குக் குடியுரிமையே கிடையாது என்றால் இந்தியர்கள்?

கார்த்திகா அட்லாண்டா:

இங்கே இருக்கும் நம்மவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் பகத் சிங் திண்ட். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். 1790 முதலே குடியுரிமை பெறும் சட்டத்தில் "சுதந்திர வெள்ளையர்" என்றுதான் இருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். 1922 நவம்பரில் ஜப்பானியரான ஒசாவாவின் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்றது உச்ச நீதிமன்றம். அன்றைய இனவியல் நூல்களின்படி இந்தியர்கள் காக்கேசியர்கள், ஆகவே எனக்கு உண்டு என்று திண்ட் வாதாடினார். மூன்றே மாதம் கழித்து, அதே நீதிபதி சதர்லேண்ட், நூல்கள் சொல்வது முக்கியமில்லை, சாதாரண மனிதர் வெள்ளையர் என்று யாரை நினைக்கிறாரோ அவரே வெள்ளையர் என்று எழுதினார்.

அதன் பிறகு ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைத் திரும்பப் பிடுங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை நடத்திய வைஷ்ணோ தாஸ் பகாய் குடியுரிமை போய், சொத்தும் வைத்திருக்க முடியாத நிலையில் 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். 1946-ல்தான் சட்டம் மாறியது. ஆண்டுக்கு 100 இந்தியர்கள் வரலாம், இங்கிருப்பவர்கள் குடியுரிமை பெறலாம். அதைப் பயன்படுத்தி 1949-ல் குடிமகனான தலிப் சிங் சவுந்த் 1956-ல் கலிபோர்னியாவிலிருந்து காங்கிரஸுக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எங்களைப்போன்றவர்கள் இங்கே வரமுடிந்தது 1965-ல் வந்த இன்னொரு சட்டத்தால், குடியேற்றச் சட்டம். வாக்குரிமைச் சட்டத்துக்கு இரண்டு மாதம் பின்னால் அதே காங்கிரஸ் போட்டது.

நெடுவழி:

பழங்குடியினர்?

பழைய வாசகன்:

1924-ல் எல்லோருக்கும் குடியுரிமை வந்தது. ஓட்டு வரவில்லை. காரணம் வழக்காடி முதலில் சொன்னதுதான், இரண்டும் வேறு வேறு. அரிசோனா அவர்களை "பாதுகாவலரின் கீழ் இருப்பவர்கள்" என்று மனநிலை சரியில்லாதவர்களோடு சேர்த்து விலக்கியது. நியூ மெக்சிகோ, வரி கட்டாத பழங்குடியினர் என்று விலக்கியது. இரண்டு தடையும் 1948-ல் உடைந்தன, இரண்டையும் உடைத்தவர்கள் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள். அரிசோனாவில் ஃபிராங்க் ஹாரிசன், நியூ மெக்சிகோவில் மரைன் படையில் இருந்த மிகெல் ட்ருஹியோ. ஒதுக்கிடங்களில் வாழ்ந்தவர்களுக்கு யூட்டா மாநிலம் 1957 வரை மறுத்தது.

தேன்மொழி:

எழுத்தறிவுத் தேர்வை வைத்தே விலக்கினார்கள் என்றால், மக்கள் படித்து ஜெயிக்க முயலவில்லையா?

செந்தாமரை:

முயன்றார்கள், அது அழகான வரலாறு! தென் கரோலினா கடலோரத்தில் ஜான்ஸ் தீவு. அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்பவர் தீவு மக்களைச் சார்ல்ஸ்டனுக்கு வேலைக்கு ஏற்றிப்போகும் பேருந்தை ஓட்டினார். போகிற வழியிலேயே மாநில அரசியலமைப்புப் பகுதிகளைச் சொல்லிக்கொடுப்பார். செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை, கறுப்பினர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காக வேலையை இழந்தவர், அவரோடு சேர்ந்து 1957-ல் அங்கே குடியுரிமைப் பள்ளி தொடங்கினார். முன்பக்கம் மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. வெள்ளையர்களுக்குச் சந்தேகம் வராமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. முதல் ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், அழகு நிலையம் நடத்தியவர். வாடிக்கையாளர்கள் வெள்ளையர்கள் அல்ல என்பதால் அவரை யாரும் வேலையிலிருந்து நீக்க முடியாது. கையெழுத்துப் போடுவது, கடைப் பட்டியல் விலை, பதிவுப் படிவம் என்று அன்றாடத் தேவையிலிருந்தே பாடம் தொடங்கியது. பிறகு மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு இந்தப் பள்ளிகளை ஏற்றுத் தெற்கு முழுக்கப் பரப்பியது. ஊர்வலங்களுக்குப் பின்னால் இருந்த பொறுமையான வேலை இதுதான். தலைவர்களின் பெயர்களைவிட இந்த மூவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

மதியழகன்:

இப்போதைய நிலைக்கு வருவோம். 2013-ல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சூத்திரத்தை 5-க்கு 4 என்று ரத்து செய்தது. எனக்கு அதில் ஓரளவு நியாயம் தெரிகிறது. 1964 முதல் 1972 வரையிலான தேர்தல் கணக்கை வைத்து 2013-ல் ஒரு மாநிலத்தை மட்டும் தனியாகக் கட்டுப்படுத்தலாமா? தெற்கில் கறுப்பின வாக்களிப்பு வடக்குக்குச் சமமாக வந்துவிட்டதே.

வழக்காடி:

கணக்கு பழையது என்பது உண்மை. ஆனால் சமமாக வந்தது எதனால்? நீதிபதி கின்ஸ்பர்க் தன் மாறுபட்ட தீர்ப்பில் சொன்னது, மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையை வீசி எறிவதுபோல. 2006-ல் காங்கிரஸ் ஆயிரக்கணக்கான பக்கம் சான்றுகளைப் பார்த்து, செனட்டில் எதிர்ப்பே இல்லாமல் 98-0 என்று சட்டத்தை 25 ஆண்டு நீட்டித்திருந்தது.

தீர்ப்பு வந்த அன்றே டெக்சாஸ், அதுவரை தடுக்கப்பட்டிருந்த தன் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தப்போவதாக அறிவித்தது. வட கரோலினா அதே கோடையில் ஒரு பெரிய சட்டம் போட்டது. முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களைக் குறைப்பது, அன்றே பதிவு செய்து வாக்களிப்பதை நிறுத்துவது, சில அடையாள அட்டைகளை மட்டும் ஏற்பது. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது கறுப்பின வாக்காளர்களை ஏறக்குறைய அறுவைச் சிகிச்சைத் துல்லியத்தோடு குறிவைக்கிறது என்று சொல்லி ரத்து செய்தது. சரிதான். ஆனால் இடையில் மூன்று ஆண்டு போயிற்று, ஒரு பொதுத் தேர்தலும் அந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது. காத்திருப்பது மறுபடி வாக்காளர்.

மதியழகன்:

இதை ஏற்கிறேன். முன் அனுமதியைப் புதிய கணக்கோடு காங்கிரஸ் திரும்ப எழுதலாம் என்றுதான் தீர்ப்பும் சொல்கிறது. இதுவரை அது இரண்டு அவைகளையும் சேர்த்துத் தாண்டவில்லை.

நெடுவழி:

என் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. சிறைக்குப் போனவர்களின் ஓட்டு பற்றி?

பழைய வாசகன்:

அது தனி இழைக்கான விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். மெயின், வெர்மான்ட் மாநிலங்களில் சிறைக்குள் இருப்பவரும் வாக்களிக்கலாம். மற்ற மாநிலங்களில் விதவிதமான விலக்குகள். ஃபுளோரிடாவில் 2018-ல் மக்களே கிட்டத்தட்ட 65 சதவீத ஆதரவோடு, தண்டனை முடித்தவர்களுக்கு, கொலையும் பாலியல் குற்றமும் தவிர்த்து, ஓட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறு ஆண்டே சட்டமன்றம், அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் முழுதாகக் கட்டினால்தான் தண்டனை முடிந்ததாக அர்த்தம் என்றது. பலருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்ல அரசிடம் ஒரே பட்டியல்கூட இல்லை. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

மிசிசிப்பியின் 1890 அரசியலமைப்பு பற்றி மேலே எழுதினேன் அல்லவா, அதில் ஓட்டைப் பறிக்கும் குற்றங்களின் பட்டியலும் இருந்தது. திருட்டு, தீ வைப்பு, பொய் சொல்லிப் பணம் வாங்குவது, இருதார மணம் எல்லாம் உண்டு. கொலை இல்லை. கறுப்பினத்தவர்கள் எந்தக் குற்றங்களை அதிகம் செய்வார்கள் என்று அன்று நினைத்தார்களோ அதை வைத்துத் தேர்ந்தெடுத்த பட்டியல் என்பதை மாநில உச்ச நீதிமன்றமே 1896-ல் எழுதியிருக்கிறது. கொலையும் பாலியல் வன்கொடுமையும் 1968-ல்தான் சேர்ந்தன. பட்டியலின் பெரும்பகுதி இன்றும் அமலில் இருக்கிறது, 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி அதை நிலைநிறுத்தியது. அங்கே ஒருவர் ஓட்டைத் திரும்பப் பெற வேண்டுமானால், ஆளுநர் மன்னித்தால் ஒழிய, அவர் பெயரில் ஒரு தனி மசோதா சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நிறைவேற வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மசோதா.